தாண்டிக்குடியிலிருந்து ஒரு .22 ரைபிள் வாங்கப் போனேன்

ரைபிள் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், தாண்டிக்குடியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ‘பன்றிக்கா அண்ணே?’ என்றுதான் கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. காப்பிக்கு நடுவே வாழை போட்டிருக்கிற எவருக்கும் காட்டுப்பன்றியோடு தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது நாமாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பன்றியைச் சுட முடியாது. சுமார் 0.22 அங்குலக் குறுக்களவுள்ள சின்ன .22 தோட்டாவோ பன்றியைக் கொல்லாமல் புண்ணோடு அலையவிடும். எனக்கு வேண்டியது 50 மீட்டரில் ஒரு காகித இலக்கு, அவ்வளவுதான். மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பில் இரவல் துப்பாக்கியில் பழகி, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. ‘ஏர் ரைபிளோடு நிறுத்திக்கொண்டால் ஆகாதா?’ என்று வீட்டில் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விண்ணப்பம், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, மருத்துவச் சான்று, வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, காவல் நிலைய விசாரணை, பிறகு திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகம். வத்தலக்குண்டு வழியாக இறங்கிப் போய், ‘அடுத்த வாரம் பாருங்கள்’ என்பதைக் கேட்டுவிட்டு மறுபடி மலை ஏறுவதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மலைக்காரர்களுக்கென்று கூடுதலாக ஒரு படியும் இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுப்பதென்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பழனி மலையில் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிற தோட்டங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் கோப்பு அதிக காலம் உறங்கியது இந்த இடத்தில்தான். மனுப் போடுகிற நாளிலேயே இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் தாமாகச் சொல்வதில்லை.

உரிமம் வந்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது. கையில் ஒரு லட்சம் இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது வாங்கும் எண்ணமோ வசதியோ கிடையாது. தோட்டாவை மாற்றப் பக்கவாட்டில் கைப்பிடி உள்ள போல்ட் வகையா, அடியில் வளையம் உள்ள லீவர் வகையா என்பதை ஒரே தடவையில் தீர்மானித்தாக வேண்டும்.

இரண்டிலும் போவது அதே .22 லாங் ரைபிள் தோட்டாதான். வெடிமருந்தைப் பற்றவைக்கிற கலவை தோட்டா உறையின் நடுவில் இல்லாமல் அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கும். விசையை அழுத்தியதும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்று சொல்வது அதைத்தான். தோட்டா ஒன்றே என்பதால் வலு எதில் அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போல்ட்டில் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். லீவரில் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும், உறை வெளியே, புதுத் தோட்டா உள்ளே.

நான் இடது கைக்காரன் என்பதால் லீவர் பக்கம் சாய்ந்தேன். போல்ட்டின் கைப்பிடி வலப்புறம் இருக்கும்; லீவர் நடுவில் தொங்குவதால் எந்தக் கைக்கும் பொது. மதுரைக் கடைக்காரர் மார்லின் 39ஏ என்ற பழைய அமெரிக்க லீவர் ரைபிள் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தபோது கிட்டத்தட்ட அதன் மயக்கத்தில் விழுந்துவிட்டேன். 1891ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வளர்ந்த வம்சம் அது. வால்நட் கட்டை, குழலுக்குக் கீழே நீளமான குழாய் மேகசின், அதில் 19 தோட்டாக்கள் பிடிக்கும். லீவரை அசைத்தால் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

விலையைச் சொன்னார். என் ஒரு லட்சத்தை அவரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. 1980களின் நடுவில் சாதாரண உரிமதாரர்களுக்கு இறக்குமதி நின்றுபோனதால், நாட்டில் இருக்கிற லீவர் ரைபிள்கள் அநேகமாக அதற்கு முன் வந்தவை. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பம் வாங்குகிற பொருள் இங்கே அரும்பொருள் ஆகிவிட்டது.

“இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது சார்” என்றார்.

“அதுதான் அண்ணே பயம். ஊசி உடைந்தால் அதுவும் இன்னொன்று கிடைக்காதே” என்றேன். அவர் சிரித்துவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தார்.

பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்று பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். மாட்டேன் என்றே தோன்றியது. நம் உரிமத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதித் தருகிறார்கள். அளந்து கொடுக்கிற தோட்டாவுக்கு வேகமாகச் சுடுகிற துப்பாக்கி எதற்கு? லீவர் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது, அடுத்தது அடுத்தது என்று கை போய்க்கொண்டே இருக்கும். படுத்துக்கொண்டு சுடும்போதோ வளையத்தைக் கீழே தள்ள இடமில்லாமல் தரையில் இடிக்கும்; ஒவ்வொரு முறையும் ரைபிளைச் சாய்க்க வேண்டும், பிடித்த நிலை கலைந்துவிடும். குழாய் மேகசினைக் காலி செய்தோம் என்று நினைத்திருக்கும்போது ஒரு தோட்டா உள்ளே தங்கியிருக்கவும் கூடும். போல்ட்டில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவிவிட்டால் குழலின் மறுமுனை வரை கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கு முக்கியமானது துடைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் தாண்டிக்குடி மூடுபனியில் அலமாரிக்குள் இருக்கும் செருப்பே பூஞ்சணம் பூத்துவிடும். போல்ட் ரைபிளைப் பின்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் துடைக்கலாம். பெரும்பாலான லீவர்களில் குழல் முனையிலிருந்துதான் விட வேண்டும். குறி தவறாமல் இருப்பது அந்த முனையின் விளிம்பைப் பொறுத்தது. கம்பி உரசி உரசி அது தேய்ந்தால் போயிற்று. மார்லின் இதற்கு விதிவிலக்கு, ஒரு திருகைக் கழற்றினால் இரண்டாகப் பிரிந்துவிடும். கடைக்காரர் அதையும் செய்து காட்டினார், பாவம்.

மிச்சம் இருந்தது இடது கைப் பிரச்சினை. அது கிளப்பிலேயே தீர்ந்தது. மணல் மூட்டையில் முன்கட்டையைச் சாய்த்து வைத்துச் சுடும்போது என் இடது கை விசையை விட்டு நகரவே வேண்டாம். சும்மா இருக்கிற வலது கை போல்ட்டை இயக்குகிறது. வலது கைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பிடியை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கிறார்கள். நின்று சுடும்போது எனக்குச் சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். தோட்டா உறையின் விளிம்பு எப்போதாவது கிழிந்துவிட்டால் புகை நம் முகத்துப் பக்கம் வரும் என்பதால் கண்ணாடி இல்லாமல் சுடுவதில்லை.

கடைசியில் அதே கடையில் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பழைய புருனோ மாடல் 2 அகப்பட்டது. போல்ட், ஐந்து தோட்டா மேகசின், என் பணத்துக்குள் அடங்கிய விலை. புதிய உள்நாட்டு .22 ரைபிளும் போல்ட் வகைதான். பழையதைத் துருவிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்குவது நல்லது. பழையதென்றால் போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்துத் துருக் குழிகள் உண்டா என்று பாருங்கள். தோட்டா உட்காரும் அறையின் வாய் விளிம்பில் நகத்தை வைத்துத் தடவுங்கள். தோட்டா இல்லாமலே விசையை அழுத்தி விளையாடியிருந்தால் ஊசி அங்கே இடித்துப் பிசிறு எழுப்பியிருக்கும். வரிசை எண் காகிதத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். புருனோவின் பாதுகாப்புத் தடையை முன்னால் தள்ளினால் பூட்டு, பின்னால் இழுத்தால் சுடத் தயார். மற்ற பல ரைபிள்களுக்கு இது நேர்மாறு. கை பழகும்வரை வெற்று ரைபிளிலும் இரண்டு முறை பார்த்தேன்.

கடை வழியாக வாங்கியதால் காத்திருப்பு குறைவு. தனி ஆளிடம் வாங்குவதாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். வாங்கியதும் ரைபிளைக் கொண்டுபோய்க் காட்டி உரிமத்தில் பதிவு செய்துகொண்டேன்.

தோட்டத்தில் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை. .22 தானே என்று நினைப்பார்கள்; அது ஒன்றரை கி.மீ.க்கு அப்பாலும் போகும், நம் சரிவுக்குக் கீழே யார் மிளகு பறிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். சுடுவது மதுரைக் களத்தில் மட்டும். வீட்டில் இரும்புப் பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், வெளியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. துணி உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். குழலுக்குள்ளும் வெளியிலும் கொஞ்சம் தாராளமாகவே எண்ணெய் தடவிக் கொடுங்கள், வரிசை எண் எழுதிய ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.