ரோல் கணக்கும் கிலோ கணக்கும்: முகவருக்கு எழுதும் கருவிக் குறிப்புகள்

திருப்பூரில் ஏற்றுமதிப் பனியன் நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்தைப் பராமரிக்கிறேன். சில மாதங்களாக, அந்தத் தரவுத்தளத்தைத் தானே அலசிப் பார்த்து விடை சொல்லும் ஏஐ முகவருக்குக் கருவிகள் அமைத்து வருகிறேன். (எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டு பையரின் ஆர்டரைக் கொண்டு வருபவர் என்றே பொருள் கொள்வார்கள், குழப்பம் வேண்டாமென்று முகவர் என்றே எழுதுகிறேன்.)

கருவிகள் நான்குதான்: அட்டவணைகளின் பட்டியலைத் தருவது, ஓர் அட்டவணையின் நெடுவரிசைகளை விவரிப்பது, மாதிரிக்குச் சில வரிகளைக் காட்டுவது, வாசிக்க மட்டும் அனுமதியுள்ள எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) வினவலை ஓட்டுவது. அவற்றின் நிரலை இரண்டு நாளில் எழுதிவிட்டேன். அவற்றுக்கான குறிப்புகளை எழுதும் வேலையோ இன்னும் முடியவில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏஐ முகவர்களோடு கருவிகளை இணைப்பதற்கான எம்சிபி நெறிமுறையின்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றைத் தருகிறோம். கருவிக்குள் இருக்கும் நிரல் முகவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இவற்றைப் படித்துத்தான் எதை எப்போது அழைப்பது என்று அது முடிவு செய்கிறது.

நெடுவரிசைகளை விவரிக்கும் கருவிக்கு நான் முதலில் எழுதிய விளக்கம் ஒரே வரி: 'அட்டவணையின் அமைப்பைத் தரும்.' சாயப்பட்டறையில் எவ்வளவு துணி நிற்கிறது என்று கேட்டபோது, முகவர் 'அளவு' என்ற நெடுவரிசையை முழுவதும் கூட்டி ஓர் எண்ணைச் சொன்னது. ஸ்டோர் பொறுப்பாளர் அதைப் பார்த்ததுமே, "தம்பி, இதுல ரோலும் கிலோவும் கலந்து கிடக்குதுங்க, பக்கத்துல யூனிட்டைப் பார்த்துத்தான் கூட்டோணுமுங்க" என்றார். நிட்டிங்கிலிருந்து வரும், இன்னும் சாயமேறாத கோரா துணியைச் சில நேரம் ரோலாகவும் சில நேரம் கிலோவாகவும் பதிந்திருப்பது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் எங்கும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன் இதைப் பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்வான். முகவருக்குப் பக்கத்து மேசை கிடையாது.

ஆகவே இத்தகைய செய்திகளைத் தனிக் கோப்பில் வைக்காமல், எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 'கமென்ட் ஆன்' கட்டளையைக் கொண்டு அந்தந்த நெடுவரிசையிலேயே பதிந்து, விவரிக்கும் கருவி அதையும் சேர்த்துத் தரும்படி மாற்றினேன். தரவுத்தளத்தைப் பற்றிய விவரமும் மற்றத் தரவுகளைப் போலவே தரவுத்தளத்துக்குள் இருந்து, அதே மொழியில் வினவக் கிடைக்க வேண்டும் என்பது, அட்டவணை வடிவத் தரவுத்தளக் கோட்பாட்டை உருவாக்கிய எட்கர் காட் 1985-இல் வகுத்த விதிகளில் நான்காவது. மனிதருக்காகச் சொன்ன அந்த விதி முகவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பார்ட்டிகளின் வரி எண் இருக்கும் நெடுவரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 ஜூலை 1-க்கு முன் பதிந்தவை ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரிக்கான 11 இலக்க டின் எண்கள். அதற்குப் பின் பதிந்தவை 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண்கள். தமிழ்நாட்டுக்குரியவை இரண்டுமே 33 என்று தொடங்குவதால், மாதிரிக்கு ஐந்து வரிகளை மட்டும் பார்க்கும் முகவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே பார்ட்டிக்கு இரண்டு பதிவுகள் இருக்கலாம் என்பதை இப்போது குறிப்பே சொல்லிவிடுகிறது.

கருவி எதைத் தராது என்பதையும் எழுத வேண்டும். வினவல் கருவி 100 வரிகளோடு நிறுத்திக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை செய்து தரும்) பார்ட்டிகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு முகவர் வந்த வரிகளை எண்ணி 100 என்று உறுதியாகச் சொன்னது. வரம்பைக் கருவியின் விளக்கத்தில் எழுதியதோடு, வெட்டப்பட்ட ஒவ்வொரு விடையின் கடைசியிலும் 'இதற்கு மேலும் வரிகள் உள்ளன. எண்ணிக்கை வேண்டுமானால் கவுன்ட் வினவலை ஓட்டவும்' என்று சேர்த்த பிறகே அந்தத் தவறு நின்றது. அட்டவணைப் பட்டியலில் வரும் வரி எண்ணிக்கையும் அப்படியே: அது போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் மதிப்பீடு, பதிப்பு 14 முதல் ஒருமுறையும் அலசப்படாத அட்டவணைக்கு -1 என்றே வரும். 'எக்ஸ்பிளெய்ன்' கட்டளை வினவலை எப்படி ஓட்டும் என்ற திட்டத்தை மட்டும் காட்டும், 'அனலைஸ்' சேர்த்தால் வினவலை உண்மையாகவே ஓட்டிவிடும் என்பதற்கும் ஒரு வரி போதும். தரவுத்தளத்தில் எழுதத் தடை மட்டும் குறிப்பை நம்பி விடக்கூடியதன்று; அதைத் தரவுத்தளப் பயனரின் உரிமையிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது அதிக நேரம் சொற்களுக்கே போகிறது. அட்டவணையில் 'அவுட்வர்டு' என்று இருப்பதை இங்கே எல்லோரும் டிசி (டெலிவரி சலான், சரக்கோடு அனுப்பும் சீட்டு) என்கிறார்கள். கேள்வியும் அந்தச் சொல்லில்தான் வருகிறது. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் ஸ்டோர் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, வாரத்துக்கு ஓர் அட்டவணையாக அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். இந்த வாரம் காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்கும் வேலை) அட்டவணை. அதில் எடை என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன. எது சாயத்துக்கு முந்தியது, எது பிந்தியது என்று அவரிடம் கேட்க வேண்டும்.