பதினைந்து கட்டமும் ஒரு நீளச் சொல்லும்

நேற்று மாலை பாளையங்கோட்டை வீட்டில், ஆங்கில எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடியபோது, நுண்ணிய எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோயைக் குறிக்கும் 45 எழுத்து ஆங்கிலச் சொல்லை அக்காள் மகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பலகையில் வரிசைக்கு 15 கட்டங்களே உண்டு என்பதால், அது வாய்க்கு உதவுமே தவிர ஆட்டத்துக்கு உதவாது. எனக்குப் பிடித்தது, பதிப்புரிமை பெற இயலாதது என்று பொருள்படும் 'அன்காபிரைட்டபிள்' (uncopyrightable): ஆங்கிலத்தில் சரியாக 15 எழுத்து, ஓர் எழுத்துகூட மறுமுறை வராது. கையில் ஏழு வில்லைகளே இருக்கும் என்பதால், மற்ற எழுத்துகள் பலகையில் முன்பே வாகாக அமைந்திருந்தாலொழிய அதை வைக்க இயலாது. நான் இதுவரை வைத்ததில்லை. நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் 'மல்லிகட்டானி' (mulligatawny) என 12 எழுத்தாக நிற்பதைச் சொன்னேன். "நம்ம ரசத்தையா மாமா இப்படி எழுதுதாங்க?" என்று கேட்டுக்கொண்டே, ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவுமில்லாத 'ரிதம்ஸ்' (rhythms) என்ற சொல்லை ஏழு வில்லைகளையும் இறக்கி வைத்து, 50 புள்ளிகளைக் கூடுதலாக வாங்கிக்கொண்டாள்.