காட்டரிசி ஏரியின் கணக்கு

எட்டு ஆண்டுகளின் தண்ணீர்த் தரக் கணக்கு என் மேசைக்கு வந்தபோது 11 எக்செல் கோப்புகளிலும், நனைந்து காய்ந்து புடைத்துப்போன நான்கு குறிப்பேடுகளிலும் சிதறிக் கிடந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, ஓர் ஒஜிப்வே பழங்குடி அரசின் இயற்கை வளத் துறையில் தரவு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. “இதையெல்லாம் ஒழுங்கு செய்து இபிஏ-வுக்கு அனுப்ப வேண்டும்” என்றார் துறைத் தலைவர். இபிஏ என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 14 மாதங்கள் பிடித்தன. இதுபோன்ற வேலையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டதால், அந்த மாதங்கள் எதில் கரைந்தன என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பின்னணி. மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் அமெரிக்காவில் 570-க்கும் மேல் இருக்கின்றன. தூய நீர்ச் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட 518-ஆம் பிரிவின்படி, தகுதி பெற்ற பழங்குடி அரசை ஒரு மாநிலத்துக்கு நிகராக நடத்த முடியும். அந்த வழியில் 106-ஆம் பிரிவின் மானியம் கிடைக்கிறது. மானியம் வாங்கினால் அளவீடுகளைக் கொடுக்க வேண்டும். ஆக்சிஜன், பிஎச், வெப்பநிலை, கலங்கல் என்று தொடங்கி, திட்டம் முதிர முதிர பாஸ்பரஸ், நைட்ரஜன், ஈ.கோலை, நீரடிச் சிற்றுயிர்கள், வாழிட நிலை என ஒன்பது வரை கேட்பார்கள். அவற்றை டபிள்யூ.க்யூ.எக்ஸ். என்ற இணையவழிப் பரிமாற்றத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியது வாட்டர் குவாலிட்டி போர்ட்டல் என்ற பொது இணையதளத்தில், ஒவ்வோர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு, உலகத்தில் எவரும் பார்க்கும்படி வந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. பழங்குடி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றதும் மாதிரி எடுக்கும் இடங்களைக் குறித்த ஒரு பெரிய வரைபடத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். மன்றத்தில் மூத்த பெண்மணி ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஏரியின் நடுவில் இருந்த ஐந்து சிவப்புப் புள்ளிகள் மேல் விரலை வைத்தார். “இவை எங்கள் நெல் நிற்கும் இடங்கள். இது அங்கே போன பிறகு, வேண்டாம் என்று நாங்கள் திரும்பக் கேட்டால் வருமா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் நெல் என்று சொன்னது காட்டரிசியை. ஒஜிப்வே மொழியில் மனூமின். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கும். அந்த ஆண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ள, இன்னொருவர் ஒரு தடியால் கதிரை வளைத்து மற்றொரு தடியால் மெல்லத் தட்டுகிறார். முற்றிய மணி படகுக்குள் உதிர்கிறது. தண்ணீரில் விழுவது அடுத்த ஆண்டுக்கு விதை. எந்தக் குடும்பம் எந்தப் பகுதியில் தட்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எங்கும் எழுதி வைத்ததில்லை. நான் அதைத்தான் ஐந்து தசம இலக்கத் துல்லியத்தில் எழுதி வைத்திருந்தேன்.

மூத்தவரின் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது 2001-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கிடைத்தது. ஒரிகன் மாநிலத்தில் கிளாமத் ஆற்று நீர் உரிமை தொடர்பாகப் பழங்குடியினர் மத்திய அரசின் உள்துறைக்கு (அங்கே அது நிலத்தையும் இயற்கை வளத்தையும் பார்க்கும் துறை) கடிதங்கள் கொடுத்திருந்தார்கள். அந்தத் துறைதான் அவர்களின் உடைமைகளுக்குச் சட்டப்படி அறங்காவலர். எதிர்த்தரப்பில் இருந்த பாசனதாரர் சங்கம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கடிதங்களைக் கேட்டது. அவற்றை மறைத்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நம்பிக் கொடுத்தது எதிராளியின் கைக்குப் போயிற்று. வனத்துறையிடம் கொடுக்கும் புனித இடங்கள், மறு அடக்க இடங்கள் பற்றிய தகவலுக்கு 2008-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. அந்தக் காப்பு இபிஏ வரை நீளாது.

அப்படியானால் எதையும் கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று துறையில் ஒருவர் கேட்டார். அதுவும் சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீரில் இருக்கும் சல்பேட் சேற்றுக்குள் போய், அங்கிருக்கும் பாக்டீரியாவால் சல்பைடாக மாறி, காட்டரிசியின் வேரைக் கெடுக்கிறது. இரும்புத் தாதுச் சுரங்கக் கழிவுநீர் அதற்கு ஒரு பெரிய மூலம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பை மினசோட்டா 1973-இலேயே வைத்துவிட்டது. ஆனாலும் வரம்பை மீறிய காட்டரிசி நீர்நிலைகள் கெட்டுப்போனவற்றின் பட்டியலில் ஏறாமலே ஆண்டுகள் போயின. பழங்குடி அரசுகள் விடாமல் வலியுறுத்திய பிறகு, 2021-இல்தான் இபிஏ தலையிட்டு அவற்றைச் சேர்த்தது. கையில் எண் இல்லாமல் அந்த வாதத்தை யாரும் நடத்த முடியாது. நெல்லைக் காப்பாற்ற சல்பேட் எண் வெளியே போக வேண்டும்; நெல் நிற்கும் இடம் வெளியே போகக் கூடாது.

இதைப் பிரித்தெடுக்கத்தான் எட்டு மாதம் போயிற்று. ஏரிக்குள் தண்ணீர் வரும் வாய், வெளியேறும் வாய் ஆகிய இரண்டு இடங்களின் அளவீடுகளை, சல்பேட் உட்பட, அனுப்புவது என்று முடிவாயிற்று. நெல் நடுவே எடுக்கும் மாதிரிகளை மானியத்திலிருந்து விலக்கி, பழங்குடி அரசின் சொந்தப் பணத்தில் நடத்தத் தீர்மானித்தார்கள். அந்தத் தரவு அவர்கள் கணினியிலேயே இருக்கும். ஆண்டு மதிப்பீட்டில் எண்களின் போக்கு மட்டும் வரும். ஆயங்கள், அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், வரா. ஆயங்களைச் சற்று நகர்த்தி எழுதிவிடலாமே என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். பொய்யான இடத்தைச் சொன்னால் உண்மையான எண்ணுக்கும் மதிப்பு போய்விடும். எங்கே, எப்படி அளக்கிறோம் என்று சொல்லும் தர உறுதித் திட்டத்தைத் திருத்தி எழுதி மீண்டும் இபிஏ ஒப்புதலுக்கு அனுப்பினோம். அங்கே எங்களோடு பேசிய அதிகாரி பொறுமையானவர். மன்றத்தின் தீர்மானத்தை முழுவதும் படித்துவிட்டு வந்தார், அதுவே பாதி வேலையை முடித்தது.

மிச்ச மாதங்கள் எக்செல்லோடு போயின. அதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளின் சல்பேட் எண்கள் மற்ற ஆண்டுகளைவிட மிகக் குறைவாக, 4.1, 3.8 என்று இருந்தன. ஏரி தேறிவிட்டது என்று மகிழும் அளவுக்கு இருந்தது. சந்தேகம் வந்து ஆய்வகத்தின் பழைய அறிக்கைகளைத் தோண்டினேன். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், “கந்தகமாகக் கணக்கிட்டது” என்று ஒரு வரி. கந்தகத்தின் எடை 32, சல்பேட்டின் எடை 96. மூன்றால் பெருக்க வேண்டும். 4.1 என்பது உண்மையில் 12.3, வரம்புக்கு மேல். எண்ணைப் பார்த்து எழுதியவர் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை. அப்படியே ஏற்றியிருந்தால், ஏரி நலமாக இருக்கிறது என்று அந்த மக்களின் பெயரிலேயே நாங்கள் சாட்சி சொல்லியிருப்போம். டபிள்யூ.க்யூ.எக்ஸ். அட்டவணையில் இதைக் குறிப்பதற்கென்றே தனி நெடுவரிசை இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைக் காலியாக விடவே கூடாது. “கண்டறியப்படவில்லை” என்ற முடிவை 0 என்று எழுதுவதும் இதே மாதிரியான தவறு. கருவியால் காண முடிந்த கீழ் எல்லையையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஏற்றிய மறுவாரம் என் மடிக்கணினியை மன்றத்துக்கு எடுத்துப் போனேன். அந்த மூத்த பெண்மணி போர்ட்டல் வரைபடத்தில் ஏரியைத் தானே பெரிதாக்கிப் பார்த்தார். வரும் வாயில் ஒரு புள்ளி, போகும் வாயில் ஒரு புள்ளி. பிறகு விரல் நடுவில் நின்றது. அங்கே மூன்றாவதாக ஒன்று இருந்தது. எனக்கு முன்பு எப்போதோ இருந்த ஒருவர் அனுப்பியது. யாரும் கேட்காமல் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது.

எங்கள் கணக்கில் உள்ள பதிவு என்பதால் அதை நீக்க முடிந்தது, இரண்டு நாளில் மறைந்தது. அதற்குள் அதை இறக்கி வைத்துக்கொண்டவர்களிடமிருந்து வாங்க முடியாது என்பதையும் அவரிடம் சொன்னேன். “அப்படியானால் பழையவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்” என்றார். இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். இன்னும் ஆறு ஏரிகள் பாக்கி.