சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு: ஒரு சின்ன கேம் ஸ்டூடியோ பட்ட பாடு

ஒருவழியாக முடிந்துவிட்டது. எங்கள் ஆண்ட்ராய்டு கேம்கள் எல்லாம் இப்போது கம்பெனி பெயரில் இருக்கின்றன, விளம்பரப் பணமும் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே பாதையில் வரப்போகிறவர்களுக்கு உதவும்.

பெருநகரம் இல்லாத, ஆனால் சின்ன ஊர் என்றும் சொல்ல முடியாத இடத்தில் ஸ்டூடியோவை வளர்க்க நினைத்தால், கேம் செய்வது தனி வேலை, நாம் ஒரு கம்பெனி என்று நான்கு பேரை நம்பவைப்பது தனி வேலை. முதல் வேலையைப் பற்றி இங்கே பேசவில்லை.

நண்பனின் தனிநபர் கூகுள் பிளே கணக்கில்தான் ஆரம்பித்தோம். சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது, வருமானம் முழுக்க ஒருவன் பெயரில் ஏறுவது சரிப்படவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் விடாமல் மூடிய சோதனை (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) நடத்திய பிறகுதான் கேமை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். நிறுவனக் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 25 டாலர் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நிறுவனக் கணக்குக்கு டன்ஸ் நம்பர் வேண்டும், கம்பெனிகளை அடையாளம் காண டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தருகிற எண் அது. ஒன்பது இலக்கம், வாங்குவது இலவசம், ஆனால் கைக்கு வர 30 நாள் வரை ஆகலாம். 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று காசு கேட்பவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

எங்களுக்கு உதைத்தது நம்பர் இல்லை, பெயர். கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்த ஆடிட்டர் அலுவலகம் சான்றிதழில் 'லிமிடெட்' என்பதை முழுசாகப் போட்டிருந்தது, வரிப் பதிவில் சுருக்கமாக ஒரு புள்ளியோடு போட்டிருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது மாடி என்று தெளிவாக இருக்கிறது, சான்றிதழில் மாடியே இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போனால், கணினி முன்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "புள்ளியெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க?" என்றார். பார்க்கிறார்கள் சார், எழுத்துக்கு எழுத்து பார்க்கிறார்கள். திருத்த விண்ணப்பம் போடுவதற்குள் அவர் விடுமுறையில் போய்விட்டார், அவருடைய பாஸ்வேர்ட் வேறு யாருக்கும் தெரியாதாம். அதனால் கம்பெனி பதிவாகும் அன்றைக்கே லாகின் விவரம் எல்லாவற்றையும் உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ், வரிப் பதிவு, வங்கிக் கணக்கு, இணையதளத்தின் தொடர்புப் பக்கம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் முகவரியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.

அந்த முகவரி ஸ்டோரில் எல்லோர் கண்ணிலும் படும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். கட்டட உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, எங்களிடம் வந்து 'என் கட்டடத்தை ஏன் இன்டர்நெட்டில் போட்டீர்கள்' என்று கேட்டார்.

அடுத்தது வங்கி. வெளிநாட்டிலிருந்து வந்த முதல் தொகையை நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பெருநகரக் கிளையில் இப்படிப்பட்ட வரவை அன்றாடம் பார்த்திருப்பார்கள், இங்கே அந்த அதிகாரிக்கு நாங்கள்தான் முதல் ஆள் போலிருக்கிறது. "கேம்னா பணம் கட்டி ஆடுறதா?" என்பது முதல் கேள்வி, "இன்வாய்ஸ் எங்கே?" என்பது இரண்டாவது. விளம்பர வலையமைப்புக்கு நாம் இன்வாய்ஸ் அனுப்புவதில்லை, அவர்களே கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் போனை எடுத்து எங்கள் புதிர் கேமை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு லெவல் ஆடினார். மூன்றாவதுக்கு முன்னால் விளம்பரம் வந்தது, மூடுகிற குறி எங்கே என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேடினார். "இந்த விளம்பரத்துக்குத்தான் சார் அந்தப் பணம்" என்றேன். சிரித்துவிட்டார். விளம்பரக் கணக்கிலிருந்து எடுத்த கட்டண ரசீதும், கம்பெனி லெட்டர்ஹெட்டில் என்ன தொழில் என்று ஒரு பக்க விளக்கமும் கொடுத்தேன், பணம் விடுவிக்கப்பட்டது. அந்த இரண்டையும் முதல் வரவுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

கேமைக் கணக்கு மாற்றுவது சுலபம். புதிய கணக்குக்குப் பணம் கட்டியபோது வந்த பரிவர்த்தனை எண் வேண்டும், அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். டவுன்லோடு எண்ணிக்கை, ரேட்டிங், விமர்சனம் எல்லாம் கூடவே வந்துவிடும். பழைய வருமான அறிக்கைகள் வராது, முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் விளம்பரம் அப்படியில்லை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் பக்கம் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். யூனிட் ஐடிகளை (ஒவ்வொரு விளம்பர இடத்துக்குமான அடையாள எண்) ரிமோட் கான்ஃபிக்கில் வைத்திருந்ததால் சர்வரில் மாற்றினால் போதும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள், போதாது: ஆப் ஐடி ஆப்புக்குள்ளேயே இருக்கிற மேனிஃபெஸ்ட் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது, புது பில்ட் போட்டே ஆக வேண்டும். அப்டேட் செய்யாதவர்கள் பழைய பதிப்பில் பார்க்கிற விளம்பரத்தின் காசு பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும், அது சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து 100 டாலரைத் தொடும்வரை வெளியே வராது. பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள்.

நம் ஆப்பின் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று பட்டியல் போடுகிற ஆப்-ஆட்ஸ் டெக்ஸ்ட் (app-ads.txt) ஃபைலையும் மறக்கக் கூடாது. ஸ்டோரில் கொடுத்திருக்கிற இணையதளத்தின் வேர் முகவரியில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், அது இருக்க வேண்டும், புதிய ஆட்மாப் கணக்கின் பப்ளிஷர் ஐடியோடு. எங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அதைப் படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு 'ஏற்றிவிட்டேன்' என்று மெசேஜ் அனுப்பினார். வருமானம் படுத்துவிட்டது. எஸ்டிகே, மீடியேஷன், பில்ட் என்று நாங்கள் எங்கெங்கோ நோண்டிக்கொண்டிருந்தோம். பிரவுசரில் அந்த முகவரியை அடித்து, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். அரை நிமிட வேலை.

ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அனுபவசாலிகள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பெருநகரக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி அழைத்துக்கொள்ளும். வருகிற போர்ட்ஃபோலியோவில் பாதி ஒரே டுடோரியலைப் பார்த்துச் செய்த ஓட்டப்பந்தய கேம்தான். அதனால் நாங்கள் போர்ட்ஃபோலியோ பார்ப்பதையே விட்டுவிட்டோம். எங்கள் பழைய கேமின் ஒரு காட்சியை 2 ஜிபி ராம் உள்ள போனில் போட்டுக் கொடுத்து, ஏன் திக்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். எது வேகத்தைக் குறைக்கிறது என்று காட்டுகிற ப்ரொஃபைலரைத் திறக்காமலே நிரலை மாற்ற ஆரம்பிப்பவர்கள் அங்கேயே தெரிந்துவிடுவார்கள். இப்படி வந்த ஒரு பெண், வேலை அனுபவமே இல்லாதவர், கேமில் வரும் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனி மெட்டீரியல் (நிறம், பளபளப்பு அமைப்பு) இருப்பதுதான் காரணம் என்று சிறிது நேரத்திலேயே காட்டினார். அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.

ஐஓஎஸ் கேம் இன்னும் பாக்கி. அதற்கும் அதே டன்ஸ் நம்பர்தான், ஆண்டுக்கு 99 டாலர். ஆனால் ஆப்பிள் கணக்கு வழியாக கேமில் உள்நுழைந்தவர்களின் அடையாள எண், கேம் வேறு டெவலப்பர் கணக்குக்கு (ஆப்பிள் இதை டீம் என்கிறது) மாறினால் மாறிவிடும், 60 நாளுக்குள் பழையதையும் புதியதையும் இணைத்தாக வேண்டும். அதற்கான ஸ்கிரிப்டை எழுதிச் சோதித்துப் பார்க்கும்வரை அந்த டிரான்ஸ்ஃபர் பட்டனை யாரும் தொடக் கூடாது என்று ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன்.