அப்பா தந்த அதிகாரப் பத்திரம் வங்கியில் செல்லாமல் போனது

பெற்றோர் தெளிவான நினைவோடு இருந்தபோது எழுதித் தந்த சாதாரண அதிகாரப் பத்திரத்தை அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, நாளை எது நடந்தாலும் இது கைகொடுக்கும் என்று நம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூரில் நிறைய உண்டு. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அந்தப் பத்திரத்தின் உயிர் போகிறது என்பதை எங்கள் குடும்பம் ஒரு வங்கியின் முகப்பில் தெரிந்துகொண்டது. அந்த ஆதங்கம் இன்னும் முழுமையாக ஆறவில்லை. மற்றவர்களுக்கு இந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா எங்களோடு உட்லண்ட்ஸில் இருக்கிறார். அங் மோ கியோவில் உள்ள அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை உரிய அனுமதியோடு வாடகைக்கு விட்டிருந்தோம். வாடகைப் பணம் அவருடைய தனிக் கணக்கில் சேர்ந்துவந்தது. மூட்டுவலியால் அலைய முடியாத நிலை வந்ததும், என்னைத் தம் முகவராக நியமித்து ஒரு சட்ட அலுவலகத்தில் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். அது முறைப்படி உச்ச நீதிமன்றப் பதிவகத்தில் வைப்புச் செய்யப்பட்டது. வாடகை ஒப்பந்தங்களில் அவர் சார்பில் நான் கையெழுத்திட்டேன், வங்கியிலும் தடை எதுவும் எழவில்லை.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஓரளவு திரும்பியபோதும், கணக்கு வழக்குகளைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் ஆற்றல் திரும்பவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பராமரிப்பாளரின் சம்பளம், உடற்பயிற்சிச் சிகிச்சை, மருத்துவமனைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் அவருடைய சொந்தப் பணம் இருந்தும், அதை அவருக்காக எடுக்க எங்களால் முடியவில்லை.

முதல் முறை போனபோது வங்கி ஊழியர், பத்திரம் வங்கியின் சொந்தப் படிவத்தில் இல்லை என்றும், கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்து புதுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். அப்பாவின் உடல்நிலையை விளக்கியதும், அப்படியானால் அசல் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். அசலோடு போனபோது மருத்துவர் கடிதம் கேட்டார். கடிதத்தோடு போன பிறகுதான் அது வங்கியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து வந்த பதில் ஒரே வரிதான்: அதிகாரம் அளித்தவர் மனத்திறனை இழந்துவிட்டதால் பத்திரம் செல்லாது. முதல் நாளே இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் பல வாரங்கள் வீணாகியிருக்காது. தம்மால் ஏற்க முடியாத ஆவணத்துக்கு மேலும் மேலும் தாள் கேட்டு அலையவிட்டதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வங்கியின் முடிவு மட்டும் சட்டப்படி சரியானதே. முகவர் என்பவர் இன்னொருவரின் விருப்பத்தை அவர் சார்பில் நிறைவேற்றுபவர். அந்த விருப்பத்தை உருவாக்கவும் மாற்றவும் திரும்பப் பெறவும் அதிகாரம் அளித்தவருக்குத் திறன் இருக்கும்வரையில்தான் இருவருக்குமான சட்ட உறவு நிற்கிறது. இது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நெறி. 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியே அந்தப் பொதுச் சட்டம் சிங்கப்பூர்ச் சட்டத்தின் பகுதியாகத் தொடர்கிறது.

இந்நெறி எவ்வளவு கடுமையானது என்பதை 1910ஆம் ஆண்டின் யங் எதிர் டாயின்பீ வழக்கு காட்டுகிறது. கட்சிக்காரர் மனநலம் இழந்ததை அறியாமலேயே வழக்கறிஞர்கள் அவருக்காகத் தொடர்ந்து வாதாடினார்கள். இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டியதற்காக, எதிர்த்தரப்பின் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறியாமல் செய்த முகவருக்கே அந்தக் கதி என்றால், தந்தையின் நிலையை நன்கு அறிந்த பிள்ளை பழைய பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்திடுவது எத்தகைய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கணவர் நலமாக இருந்தபோது மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று கடைக்காரருக்குக் காட்டியிருந்தார். பின்னர் அவர் மனநலம் இழந்தது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் மனைவி வாங்கிய பொருள்களுக்குக் கணவரே பணம் தர வேண்டும் என்று 1879ஆம் ஆண்டின் ட்ரூ எதிர் நன் வழக்கில் தீர்ப்பானது. வங்கிக்கோ நாங்களே மருத்துவர் கடிதத்தைக் கொடுத்திருந்தோம். அதன் பிறகு தெரியாது என்று சொல்லும் வழி அவர்களுக்கும் இல்லை.

எங்கள் பத்திரத்தில், நோயுற்றுச் செயலிழந்தாலும் இந்த அதிகாரம் தொடரும் என்று ஒரு வாசகம் இருந்தது. எதிர்காலத்துக்கும் இதுவே போதும் என்று அந்தச் சட்ட அலுவலகத்தில் அப்பாவுக்கு உறுதி சொன்னார்கள். அந்த வாசகத்தால் எந்தப் பயனும் இல்லை. மனத்திறன் இழப்புக்குப் பிறகும் நீடிக்கும் அதிகாரத்தை, 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் வகுத்த படிவத்தில் எழுதி, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது செல்லும். எல்பிஏ என்று எல்லாரும் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரம் அதுவே. 2010 மார்ச்சிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இப்படி ஓர் ஆறுதல் வரி இருந்தால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதற்கிடையே வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலமும் வந்தது. குடியிருப்பவர்களுக்காக வந்த வீட்டு முகவர் அப்பாவின் உடல்நிலையைக் கேட்டறிந்ததும், என் கையெழுத்தை ஏற்க முடியாது என்று மரியாதையாக, காரணத்தோடு சொல்லிவிட்டார். வங்கியில் எனக்குக் கிடைக்காத நேர்மை அது. அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

அப்பா இனி எல்பிஏ எழுதும் நிலையில் இல்லை. எனவே குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவருடைய பிரதிநிதியாக நியமனம் பெறுவதே எஞ்சிய வழி. இங்கே எங்களை அதிகம் வாட்டியது மருத்துவ அறிக்கை. முதலில் கிடைத்த அறிக்கையில் பக்கவாதத்தின் விவரங்கள் நிறைய இருந்தன, ஆனால் எந்தெந்த முடிவுகளை அவரால் எடுக்க முடியாது என்பது இல்லை. நோயின் பெயர் சட்டத்துக்குப் போதாது. ஒருவருக்குத் திறன் உண்டு என்றே சட்டம் முதலில் கொள்கிறது. தகவலைப் புரிந்துகொள்ளுதல், நினைவில் நிறுத்துதல், சீர்தூக்கிப் பார்த்தல், முடிவைத் தெரிவித்தல் ஆகியவற்றில் எது இயலவில்லை என்பதை மருத்துவர் விளக்க வேண்டும். உடல்நலப் பராமரிப்பையும் சொத்து, பண விவகாரங்களையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். மருத்துவரிடம் போகும்போதே நீதிமன்றத்தின் படிவத்தை எடுத்துச் செல்லுங்கள். பொதுவான கடிதம் திரும்பி வந்துவிடும்.

அந்த அறிக்கை விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். பெர்த்தில் இருக்கும் அண்ணனின் இசைவுக் கடிதம் தாமதமானதால், அறிக்கையே காலாவதியாகிவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் கவலைப்பட்டோம். வெளிநாட்டில் உடன்பிறந்தவர்கள் இருந்தால், மருத்துவ அறிக்கைக்கு நாள் குறிக்கும்போதே அவர்களுடைய கையெழுத்து வேலையையும் தொடங்கிவிடுங்கள். வங்கிக் கணக்குகளையும் ஒன்று விடாமல் எண்ணோடு குறிப்பிடுவது நல்லது. ஆணையில் இல்லாத கணக்குக்காக மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

ஆணை வந்தது. சான்றளித்த நகலைக் கொடுத்ததும் அதே வங்கியில் வேலை ஒரே அமர்வில் முடிந்தது.

நீதிமன்றம் நியமித்த பிரதிநிதியையும், தம் அதிகார எல்லைக்குள் அவர் செய்யும் செயல்களைப் பொறுத்தவரை, சம்பந்தப்பட்டவரின் முகவராகவே சட்டம் கருதுகிறது. ஆகவே முகவருக்குரிய கடமைகள் அப்படியே இருக்கின்றன: அப்பாவின் பணத்தை நம் பணத்தோடு கலக்கக்கூடாது, அவர் சொத்திலிருந்து மறைவாக ஆதாயம் பெறக்கூடாது, பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது. அவருக்காக உயில் எழுதவோ மத்திய சேமநிதிப் பணம் அவருக்குப் பின் யாருக்குச் சேர வேண்டும் என்ற நியமனத்தை மாற்றவோ எனக்கு அதிகாரம் இல்லை. உறவினர் ஒருவர் இதைக் கேட்டு வற்புறுத்தியபோது, சட்டத்தைக் காட்டி மறுக்க முடிந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

அம்மாவின் எல்பிஏயைச் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கின் வழியே இணையத்தில் சிரமமின்றி முடித்தோம். எல்பிஏவுக்குச் சான்றளிப்பவராகத் தகுதிபெற்ற மருத்துவரோ மனநல மருத்துவரோ வழக்கறிஞரோ இருக்கலாம். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுவதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் பேசும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வற்புறுத்தல் இல்லை என்பதை உறுதிசெய்ய எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் சான்றளித்த மருத்துவர் தனியே பேசினார். தம் மனத்தில் இருந்ததை அம்மா தம் மொழியில் தடையின்றிச் சொல்லியிருக்கிறார். திறன் இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பாளர்களாக அண்ணனையும் என்னையும் குறிப்பிட்டபோது, சேர்ந்தும் தனித்தும் செயல்படலாம் என்பதைத் தேர்ந்தெடுத்தார். சேர்ந்து மட்டுமே என்றிருந்தால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் பெர்த்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

எல்பிஏ பொறுப்பாளர்களுக்கு இல்லாத ஒரு சுமை நீதிமன்றப் பிரதிநிதிக்கு உண்டு: ஆண்டுதோறும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்ப வேண்டும். பராமரிப்பாளரின் சம்பளச் சீட்டு முதல் மருந்துக் கடை ரசீது வரை மாதவாரியாக எடுத்து வைத்திருந்ததால் முதல் அறிக்கையைக் குறித்த நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். அங் மோ கியோ வீட்டின் புதிய ஒப்பந்தத்திலும், நீதிமன்ற ஆணையின்படி அப்பாவின் பிரதிநிதி என்று தெளிவாகக் குறிப்பிட்டே கையெழுத்திட்டிருக்கிறேன்.