பதினொராவது இனிங்ஸ்

மலருக்கு எழுதச் சொல்லித் தம்பிமார் கேட்டபோது, கல்லூரி மைதானத்தில் ஆடிய கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். என் மனதில் முதலில் வந்ததோ 1992 ஒக்ரோபர் 24 இரவு அற்லான்ராவில் நடந்த பேஸ்போல் ஆட்டம்.

அப்போது ரொறொன்ரோவில் ஒரே தொடர்மாடியில் எங்கள் கல்லூரிப் பெடியள் பலர் இருந்தோம். நாலு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குக் கிண்ணம் தரும் உலகத் தொடரில், ரொறொன்ரோ அணியான புளூ ஜேஸ் அற்லான்ராவின் பிறேவ்ஸை விட 3-2 என முன்னால் நின்றது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி அதுவரை அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. அதே அற்லான்ராவில், இரண்டாவது ஆட்டத்துக்கு முன் கனடியக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள். வந்து கொஞ்சக் காலமே ஆன எங்களுக்கும் அது சுட்டது.

வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இனிங்ஸில் 2-1 என ஜேஸ் முன்னிலை. ஜேஸின் பந்தெறிபவர் ரொம் ஹென்கி. பிறேவ்ஸில் இரண்டு பேர் அவுட். மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டம் முடிவு; அதற்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (அடிப்பவர் தவறவிடும் பந்து) போதும். அவர்களின் ஒற்றிஸ் நிக்சன் இடப்பக்கம் அடித்தார், பிறேவ்ஸ் சமன் செய்தது. அறையில் யாரும் பேசவில்லை.

ஊரில் இரண்டு நாள் விளையாடிச் சமநிலையில் முடித்துவிட்டு வீடு போன பெரும் போட்டிகள் எத்தனை! இங்கே அப்படி விடமாட்டார்கள். யாராவது வெல்லும்வரை ஆடத்தான் வேண்டும். நள்ளிரவும் வந்தது.

பதினொராவது இனிங்ஸ். மறுபடியும் இரண்டு அவுட். டெவன் வைற்றும் றொபேர்ட்டோ அலொமாரும் பேஸ்களில் (ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய இடங்கள்) நிற்க, ஜேஸின் டேவ் வின்ஃபீல்ட் பட்டோடு வந்தார். வயது 41. 1981 உலகத் தொடரில் நியூயோர்க் யாங்கீஸுக்காக ஆடி, 22 தடவையில் ஒரே ஒரு ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) எடுத்தவர். பெரிய ஆட்டத்துக்கு ஆகாதவர் என்ற பேச்சைப் பதினொரு வருடம் சுமந்திருந்தார். (1983இல் இதே ரொறொன்ரோவில் அவர் எறிந்த பந்து பட்டு ஒரு கடற்பறவை இறந்து, பொலிஸ் அவரைக் கைது செய்ததும் உண்டு!) பிறேவ்ஸின் சார்ளி லைப்ராண்ட் எறிந்த பந்தை வின்ஃபீல்ட் அடிக்க, அது இடது எல்லைக்கோட்டை ஒட்டிப் பறந்தது. இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். 4-2.

ஆனால் பிறேவ்ஸ் விடவில்லை. ஒரு ஓட்டம் எடுத்து 4-3. இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஒருவர். பட் பிடித்து நிற்பவர் திரும்பவும் அதே நிக்சன்! அவர் வீசி அடிக்கவில்லை. பட்டை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். ஜேஸின் மைக் ரிம்லின் பாய்ந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிய, நிக்சன் வந்து சேரும் முன் ஜோ கார்ட்டர் பிடித்தார். முடிந்தது.

அப்புறம் யங் வீதியில் சனம் நிரம்பியது. நாங்களும் போனோம். எந்த ஊர், எப்போது வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். ஜேஸின் சிற்றோ காஸ்ரன், உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுநர் என்பதை எங்கள் அண்ணை ஒருவர் நடந்துகொண்டே சொன்னார். அதுவும் எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த வருடம் உலகத் தொடரை மறுபடியும் வென்றுதந்த, கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னைத்தான் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) இப்போது எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல அடிதான். ஆனாலும் வின்ஃபீல்டின் அந்த அடியைத்தான் நான் மேலே வைப்பேன்.