செல்போர்ன் தோட்டத்தில் சிலந்திகளின் காதல் காலம்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மே, ஜூன் பார்த்துத்தான் கிளம்புவார்கள். நான் வேண்டுமென்றே செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் தோட்டச் சிலந்திக்காகத்தான். வேலியோரம், ஜன்னல் சட்டம், ரோஜாச் செடி என்று ஐரோப்பா முழுக்க வட்ட வலை கட்டி உட்கார்ந்திருக்கும் சாதாரணச் சிலந்தி அது. பழுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்து உண்டான சிலுவைக் குறி. அறிவியல் பெயர் அரேனியஸ் டயடெமாட்டஸ். கோடை முடிந்து குளிர் தொடங்குவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில்தான் இது முழு வளர்ச்சி அடைந்து ஜோடி தேடும்.

இதன் வலை உலகப் புகழ் பெற்றது. 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அரபெல்லா, அனிட்டா என்று இரண்டு சிலந்திகளை அனுப்பி, எடையில்லாத இடத்தில் வலை கட்டுமா என்று சோதித்தார்கள். இரண்டுமே இந்த இனம்தான். வலைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது. வலையின் ஓரத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்து நிற்கும் ஆண் சிலந்தியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஆல்டன், அங்கிருந்து பேருந்தில் செல்போர்ன். ஹாம்ப்ஷரில் உள்ள சின்ன கிராமம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், தன் ஊரிலும் தோட்டத்திலும் கண்ணில் பட்டதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தவர். 1741 செப்டம்பர் 21 அன்று விடியும் முன்பே எழுந்து வெளியே போனபோது வயல்களெல்லாம் சிலந்தி இழை மூடிக் கிடந்ததாம். கூட வந்த நாய்கள் கண்ணை மறைத்த இழையை முன்னங்காலால் வழித்துப் போட வேண்டியிருந்ததாம். அன்று பகல் முழுக்க வானத்திலிருந்து இழைகள் இறங்கிக்கொண்டே இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். காற்றில் இழை விட்டுப் பறக்கும் குட்டிச் சிலந்திகளின் வேலை அது. அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். பின்னால் தோட்டம், அதற்கும் பின்னால் பீச் (beech) என்ற காட்டு மரங்கள் அடர்ந்த செங்குத்துச் சரிவு. சிலந்தி பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அருங்காட்சியக அறைகளைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டேன். ஐவிக் கொடி பூத்திருந்த ஒரு மூலையில் ஈக்களும் குளவிகளும் மொய்த்தன. அவற்றின் வழியில் குறுக்கே ஒரு வலை. நடுவில் பெண், தலைகீழாக, எட்டுக் கால்களையும் ஆர இழைகள் மேல் பரப்பியபடி. பெண்ணின் உடல் 18 மில்லிமீட்டர் வரை வளரும், ஆண் அதில் பாதிதான். அந்த ஆணைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. வலைக்கு வெளியே, ஒரு இலையின் அடியில், ஒட்டிக்கொண்டிருந்தது.

முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு குட்டை உறுப்புகளைப் பார்த்தால் ஆண் என்று உடனே சொல்லிவிடலாம். பெடிபால்ப் என்பார்கள். பெண்ணுக்கு அவை மெலிந்த கால்கள் மாதிரி இருக்கும். ஆணுக்கோ குத்துச்சண்டைக்காரர் உறை மாட்டிய கை போல நுனி உருண்டிருக்கும். விந்தைச் சுமந்து போவது அந்த உருண்டைகள்தான். ஆணின் விந்து வெளிவரும் துளை வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு குட்டி வலை பின்னி, அதில் ஒரு துளியை விட்டு, அதை இந்த உறுப்புகளுக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம்தான் பெண்ணைத் தேடிப் புறப்படும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் இரை பிடிக்க வலை கட்டுவதையே விட்டுவிடுகிறது. மிச்ச வாழ்நாள் முழுக்க நடை, தேடல், காத்திருப்பு.

இலையடியில் இருந்த ஆண் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, பெண்ணின் வலை விளிம்பில் தன் சொந்த இழை ஒன்றை இழுத்துக் கட்டியது. அந்த ஓர் இழைதான் இனி எல்லாம். அதில் தொங்கியபடி கால்களால் இழையைச் சுண்டத் தொடங்கியது. சுண்டும், நிறுத்தும், மறுபடி சுண்டும். பெண் சிலந்திக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல். கால்களில் உள்ள நுண்ணிய பிளவு உறுப்புகள் வழியாக வரும் அதிர்வுதான் அதற்கு உலகம். ஈ மாட்டினால் வலை கண்டபடி உதறும், காற்றடித்தால் மொத்தமாக ஆடும். ஆண் சுண்டுவதோ சீரான தாளத்தில் வரும். ‘நான் இரை இல்லை’ என்பதை இதைவிட வேறு எந்த வழியிலும் அதனால் சொல்ல முடியாது.

பெண் சட்டென்று திரும்பியது. ஒரே பாய்ச்சலில் பாதி வலையைக் கடந்து வந்தது. அதற்குள் ஆண் கைவிட்டு விழுந்துவிட்டது. ஆனால் தரைக்குப் போகவில்லை, தன் காப்பு இழையில் ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பெண் நடுவுக்குத் திரும்பியதும் அது மேலே ஏறி, அதே இடத்தில், அதே இழையைச் சுண்டியது. மறுபடி துரத்தல், மறுபடி விழுதல். இப்படியே வெகுநேரம் போனது. என் கழுத்து வலித்ததே தவிர அதன் பொறுமை குறையவில்லை. கடைசியில் பெரிய ஈ ஒன்று வலையில் சிக்க, பெண் அதைச் சுற்றிக் கட்டப் போய்விட்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நல்ல வெயில். வேறொரு வலையில் வேறொரு ஆண். இங்கே பெண் பாயவில்லை. மெதுவாக நடந்து அந்த இழைக்கே வந்து, கால்களை மடக்கித் தொங்கியது. சம்மதம் என்பதன் அடையாளம் அது. ஆண் நெருங்கி முன்னங்கால்களால் அதன் கால்களையும் உடம்பையும் தடவியது, தட்டியது, பின்வாங்கியது. பிறகு குட்டிக் குட்டித் தாவல்கள். ஒரு தாவலில் வயிற்றின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஒரு பெடிபால்ப்பைச் செலுத்தியது. எல்லாம் சில நொடிகள். உடனே துள்ளி விலகிவிட்டது.

பெண் ஆணைத் தின்னும் என்ற கதை மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அது பொய்யில்லை. இந்த இனத்தில் அப்படி நடப்பது பெரும்பாலும் கூடலுக்கு முன்பே. உருவத்தில் சிறிய ஆணுக்கு ஆபத்து கூடுதல். வட அமெரிக்காவின் மஞ்சள் தோட்டச் சிலந்தியில், அதாவது ஆர்கியோப் ஆரண்டியாவில், ஆண் இரண்டாவது பெடிபால்ப்பைச் செலுத்திய உடனே தானாகவே இறந்துவிடுகிறது. பெண் தொடவே வேண்டியதில்லை. இதெல்லாம் இருக்கட்டும். ஆனால் அந்த முடிவை மட்டுமே பேசுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்கு முன் நடக்கும் அந்த நீண்ட பேச்சுவார்த்தை, அந்த இழை, அந்தத் தாளம், விழுந்து விழுந்து ஏறுவது, இவையல்லவா பார்க்க வேண்டியவை!

பெண்ணுக்கும் இனி நாட்கள் குறைவுதான். இலையுதிர் காலம் முடிவதற்குள் மரப்பட்டை இடுக்கிலோ சுவர் மூலையிலோ நூற்றுக்கணக்கான முட்டைகளை மஞ்சள் பட்டுப் பொதியில் சுற்றி வைக்கும். குளிர் வரும்வரை அதன் அருகிலேயே இருந்து இறந்துவிடும். அடுத்த மே மாதம் குஞ்சுகள் வெளிவரும். மஞ்சள் உடம்பும் பின்புறக் கருந்திட்டுமாக அவை ஒரே கொத்தாகத் தொங்கும். தொட்டால் நாலாபக்கமும் சிதறி, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்றுகூடும் என்கிறார்கள். அதைப் பார்க்க ஒரு மே மாதத்தில் போக வேண்டும்.

கிளம்பும் முன் 1753இல் ஒயிட்டும் அவர் சகோதரரும் சரிவில் வெட்டிய வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மேலே போனேன். மேலிருந்து ஊர் முழுவதும் தெரிகிறது. காட்சி அழகு.

போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சரியான சமயம். காற்றில்லாத, வெயிலுள்ள நாளாகப் பாருங்கள். வலையின் நடுவைப் பார்க்காதீர்கள். விளிம்பையும் பக்கத்து இலைகளின் அடியையும் பாருங்கள், ஆண் அங்கேதான் இருக்கும். வலை மேல் மூச்சுக்காற்று படாத தூரத்தில் நில்லுங்கள், பட்டால் பேச்சு கலைந்துவிடும். சின்னதாக ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் உட்கார ஒரு மடக்கு ஸ்டூலும் இருந்தால் போதும்.